நம்ம பானுமதி அக்கா சொல்றாங்க

அத்தியாயம் 17

போன வாரம் பானுமதியை நாத்தனார் மில்லில், கையில் காபி டம்ளரோடு, போன் திரையைப் பார்த்தபடி நிற்கவைத்துவிட்டு வந்தோம். அந்தக் காபியை அவள் குடிக்கவே இல்லை. அன்றிலிருந்து வீட்டில் சமைத்ததையும் பேருக்குத்தான் சாப்பிட்டாள். கோபம் வயிற்றை அடைத்துக்கொண்டால் சோறு எங்கே இறங்கும்?

நடுவில் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மண்ணச்சநல்லூரில் ரைஸ்மில் வைத்திருக்கும் ரங்கநாதனின் மனைவி பானுமதி. பெயருக்குத்தான் அவர் முதலாளி. நெல் வாங்குவதிலிருந்து லாரி ஏற்றிவிடுவது வரை பார்ப்பதெல்லாம் இவள். ரங்கநாதனின் தங்கை அனுசுயா சில வருடங்களுக்கு முன் பூர்வீக மில்லில் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு, துறையூர் ரோட்டில் தனி மில் போட்டுவிட்டாள். ரங்கநாதன் முகம் சுளிக்காமல் பிரித்துக் கொடுத்தார் என்று ஊரே மெச்சியது.

பானுமதிக்கு ஒரே தம்பி, சரத்குமார். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அவன் வீடுதான். தீபாவளிக்குப் புடவை எடுத்து வருவது அவன். மகள் ஜோதிக்குத் தாய்மாமன் சீர் செய்ததும் அவன். வேலை, ‘தான்யவிழி’ என்ற கம்பெனியில் திருச்சி வட்டார மேனேஜர். அரிசியைக் கேமரா வைத்துப் பார்த்து, கறுப்பையும் பழுப்பையும் கல்லையும் காற்றால் ஊதித் தள்ளும் கலர் சார்ட்டர் மெஷின் விற்கிற கம்பெனி அது.

அந்த மெஷினை இந்தப் பக்கத்தில் முதலில் வாங்கியவள் பானுமதி. தம்பி விற்கும்போது அக்கா வாங்காமல் யார் வாங்குவார்கள்? மெஷின் நன்றாகவே வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சனி பிடித்தது அதற்குப் பிறகுதான்.

வருடம் திரும்பியதும் இரண்டாவது வெர்ஷன் வந்தது. திரை ஒரு சாண் பெரிசு. மூன்றாவது வெர்ஷன், சுவிட்சைப் போட்டதும் ‘வணக்கம் பானுமதி அம்மா’ என்றது. நான்காவதில் உள்ளே எரிந்த வெள்ளை விளக்கு நீலமாயிற்று. ஒவ்வொரு தடவையும் ‘அரிசி ஆலைகளின் புதிய யுகம்’ என்று விளம்பரம் செய்தார்கள். யுகம் மாறியது, அரிசி மட்டும் அதே அரிசியாகத்தான் விழுந்துகொண்டிருந்தது.

இந்தச் செய்தியெல்லாம் ஊருக்குத் தெரிவதற்கு முன் பானுமதிக்குத் தெரிந்துவிடும். ‘நீங்கள் எங்கள் முதல் குடும்பம்’ என்று வாட்ஸப் வரும். தங்க நிறத்தில் ஒரு கார்டு, கல்யாண நாளுக்கு நாதஸ்வரத்தோடு வாழ்த்து, பொங்கலுக்குக் கரும்பு. பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசை எடுத்துக்கொள்ள மூத்த வாடிக்கையாளருக்கு மட்டும் சலுகை. பழசே நன்றாகத்தான் ஓடுகிறது என்று அவள் சொல்லிப் பார்ப்பாள். நன்றாக ஓடுவதைத்தான் இன்னும் நன்றாக ஓடவைக்கிறோம் என்பார்கள். மறுக்க முடியாத பேச்சு. ஏனென்றால் அதில் ஒன்றுமே இல்லை.

கடைசியில் அவள் படத்தையே போட்டுவிட்டார்கள். பச்சைப் பட்டுப் புடவையில், உள்ளங்கை நிறைய அரிசியோடு சிரிக்கும் பானுமதி. கீழே, ‘நம்ம பானுமதி அக்கா சொல்றாங்க… மாத்திட்டேன், மாறிடுச்சு!’ டோல்கேட்டில் பேனர், ஷேர் ஆட்டோவின் முதுகில் ஸ்டிக்கர். அந்த முகத்தைப் பார்த்துத்தான் எத்தனையோ மில்லில் மெஷினை மாற்றினார்கள். அனுசுயாவும் அப்படித்தான் புத்தம் புதிய ஐந்தாவது வெர்ஷனை வாங்கினாள்.

இப்போது ஆறாவது வருகிறது. அதன் பெருமை ‘உள்விழி’. மெஷினின் வயிற்றுக்குள் ஒரு சின்னக் கேமரா. உள்ளே நடப்பதை எங்கிருந்தாலும் போனில் பார்க்கலாம். ஆசை காட்டுவதற்காகச் சில மில்களில் மட்டும் முன்கூட்டியே இலவசமாகப் பொருத்திவிட்டிருந்தார்கள். பானுமதி மில்லும் அனுசுயா மில்லும் அதில் உண்டு.

போன வாரம் அனுசுயா காபியைக் கொடுத்துவிட்டுப் போனைக் காட்டினாள். “பாருங்க அண்ணி, கம்பெனிக்காரங்களுக்கு எவ்வளவு பக்தி. பூஜை போட்டு, பட்டுத்துணி கட்டியே அனுப்பியிருக்காங்க.”

மயில்கழுத்து நிறத்தில் வெள்ளி ஜரிகை ஓடிய ஒரு பட்டுக் கிழிசல், ஒயர்க்கட்டின் கழுத்தில் முடிச்சுப் போட்டுத் தொங்கியது.

அது பானுமதி போட்ட முடிச்சு. லால்குடியில் அவள் அப்பா எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தார். ஆயுத பூஜையன்று, அந்த வருடம் வீட்டில் நடந்த நல்ல காரியத்துப் பட்டில் ஒரு துண்டு கிழித்துச் செக்கின் கழுத்தில் கட்டுவார். நமக்குச் சோறு போடுவதற்கும் வீட்டு விசேஷத்தில் பங்கு உண்டு என்பார். கல்யாணமாகி வந்த பிறகும் பானுமதி அதை விடவில்லை. ஜோதி பெரியவளான வருடம், தாய்மாமன் எடுத்துக் கொடுத்த பட்டுப் பாவாடையில் மிஞ்சிய கரையைத் தன் நான்காவது வெர்ஷனைத் திறந்து உள்ளே கட்டினாள். அடுத்த வருடம் அந்த மெஷினைச் சலுகையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அதே மெஷின்தான் அரியமங்கலம் எஸ்டேட்டில் உள்ள கம்பெனி ஷெட்டுக்குப் போய், புது முகப்பும் புது பெயிண்டும் போட்டுக்கொண்டு, ஐந்தாவது வெர்ஷனாக நாத்தனார் வீட்டுக்கு வந்திருக்கிறது. ஷெட்டில் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்திருக்கிறார்கள். பூஜைத் துணியை மட்டும் ஒருத்தரும் அவிழ்க்கவில்லை. சாமி காரியத்தில் யார் கை வைப்பார்கள்? கம்பெனி கட்டியது என்று அனுசுயாவும், மில்லில் கட்டியது என்று கேமரா பொருத்த வந்தவர்களும் நினைத்துக்கொண்டார்கள். திருச்சி ஜில்லாவில் பொட்டும் பட்டும் இல்லாத மெஷின் எது, சந்தேகப்படுவதற்கு?

பானுமதி அதை மறைக்கவில்லை. அங்கேயே அனுசுயாவிடம் சொன்னாள். அனுசுயா அழுதாள், பிறகு திட்டினாள். “உங்க மூஞ்சியைப் பார்த்துத்தானே அண்ணி வாங்கினேன்” என்றாள். அந்த ஒரு வார்த்தை பானுமதியைத் தூங்கவிடவில்லை. தன் முகத்தை வைத்துத் தன் வீட்டுப் பெண்ணையே ஏமாற்றியவர்களைச் சும்மா விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டாள்.

இன்று ஆறாவது வெர்ஷன் வெளியீட்டு விழா. திருச்சி கன்டோன்மென்ட்டில் பெரிய ஓட்டல். மேடையில் பேசப்போவது மூத்த வாடிக்கையாளர் பானுமதி.

*

ஹாலுக்குப் போகும் வழியில் ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் தம்பி வீட்டு முன் காரை நிறுத்தச் சொன்னாள். ரங்கநாதன் படியேறி வரவில்லை, கீழேயே இருப்பதாகச் சொல்லிவிட்டார். தம்பி மனைவி ஸ்கூலுக்குப் போயிருந்தாள். சரத்குமார் கண்ணாடி முன் நின்று டை கட்டிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டான், தோசை ஊற்றட்டுமா என்றான். அந்தப் பாசத்தில் பொய் இல்லை. அதனால்தான் பானுமதிக்கு இன்னும் எரிந்தது.

அவள் வந்தது ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள. இவனுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும், தப்புதான் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். மேடையில் கம்பெனியை மட்டும் கிழித்துவிட்டு, தம்பியைத் தன் முந்தானைக்குப் பின்னால் மறைத்துக்கொள்வாள். சொல்லாவிட்டால் பிறந்த வீடு இன்றோடு போயிற்று.

மயில்கழுத்துப் பட்டைப் பற்றிச் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

டையை இறுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. பிறகு மறுபடியும் இறுக்க ஆரம்பித்தது.

“எல்லா மெஷினுக்கும் பூஜை போட்டுத்தான் அனுப்புவாங்க அக்கா. ஏதாவது பட்டுத்துணி கட்டியிருப்பாங்க.”

“ஏதாவது துணி இல்லடா. நீ எடுத்துக் கொடுத்தது.”

“ஒரே மாதிரி பட்டு ஊர்ல எத்தனை இருக்கு?”

“நம்ம அப்பா போடுற முடிச்சும் ஊர்ல எத்தனை இருக்கும்?”

அவன் கண்ணாடியைப் பார்த்தே பேசினான். விழா முடியட்டும், நானே நேரில் போய்ப் பார்க்கிறேன், தப்பு நடந்திருந்தால் சரி செய்துவிடலாம் என்றான். அதுவரை அனுசுயாவிடம் வாயைத் திறக்காதே என்றான். கடைசியில், போகிற போக்கில் கேட்கிற மாதிரி ஒன்று கேட்டான்.

“அனுசுயா அக்கா ஹாலுக்கு வராங்கல்ல?”

“வராம இருப்பாளா?” என்றாள் பானுமதி.

படியிறங்கும்போதே அனுசுயாவுக்கு போன் போட்டாள். மில்லை விட்டு நகராதே, கம்பெனி ஆள் வருவான் என்றாள்.

“வரமாட்டாங்க அண்ணி. உங்க தம்பி அந்த அளவுக்குப் போகமாட்டாரு” என்றாள் அனுசுயா. ஏமாந்தவள் ஆறுதல் சொல்கிறாள். யாரும் வரக்கூடாது ரங்கா என்று பானுமதி பெருமாள் கோயில் தெற்கு வாசல் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

காரில் ரங்கநாதன் மெதுவாகப் பேச்சை எடுத்தார். பட்டுத்துணி சமாச்சாரம் அவருக்கும் தெரியும், இவள்தான் சொல்லியிருந்தாள்.

“இவ்வளவு தூரம் கொண்டுபோகணுமா பானு? சொந்தத்துக்குள்ள பேசி முடிச்சுக்கலாமே.”

“உங்க தங்கச்சிக்குத்தாங்க நியாயம் கேக்கறேன்.”

அவர் கியரை மாற்றினார். சண்டை என்றாலே ஒதுங்கிப்போகிற மனுஷர் என்று பானுமதி விட்டுவிட்டாள்.

*

ஹாலில் ஏசி குளிர் எலும்பைக் குத்தியது. லால்குடி, முசிறி, துறையூர் என்று எல்லாப் பக்கத்து மில்காரர்களும் வெள்ளை வேட்டியில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் ஒவ்வொருவர் கையிலும் ‘முதல் குடும்பம்’ என்று எழுதிய பட்டையைக் கட்டிவிட்டார்கள். எல்லோருமே முதல் குடும்பம் என்றால் இரண்டாவது குடும்பம் யார் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மார்க்கெட்டிங் தலைவி அக்னஸ் சென்னையிலிருந்து வந்திருந்தார். பானுமதியின் படத்தையும் அந்த வாசகத்தையும் யோசித்தது இவர்தான். நல்ல தமிழ், நல்ல சிரிப்பு. விளக்கை அணைத்தார்கள், புகை விட்டார்கள், பெண் பார்க்க வந்த வீட்டில் பெண்ணைக் காட்டுவதுபோல் திரையை மெல்ல விலக்கினார்கள். ஆறாவது வெர்ஷன் ஊதா வெளிச்சத்தில் நின்றது. போன வருடத்து மெஷினுக்கும் இதற்கும் கைப்பிடிதான் வேறு. ஆனாலும் ஹால் கைதட்டியது. பக்கத்தில் ஒருவர், கைப்பிடி நல்லா இருக்குல்ல என்று பானுமதியிடமே சொன்னார்.

அப்போதுதான் மடியில் இருந்த போன் அதிர்ந்தது. அனுசுயா அனுப்பியிருந்தாள்.

‘ஜெயக்குமார் வந்துட்டான் அண்ணி.’

ஜெயக்குமார், கம்பெனியின் தலைமை மெக்கானிக். பானுமதி அதைத் திரும்பவும் படித்தாள். நெஞ்சு எரிந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது, மறைப்பானேன். ஒரு சந்தோஷம். இனி யோசிக்க வேண்டியதில்லை என்ற சந்தோஷம். தம்பியைப் பார்த்தாள். மேடைக்குப் பக்கத்தில் நின்று அவளைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். அவளும் சிரித்தாள், பேனரில் சிரிப்பது போலவே.

பெயரைச் சொல்லி அழைத்தார்கள். எழுந்து போனாள்.

நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னாள். அக்னஸ் அவள் போனை வாங்கிப் பெரிய திரையோடு இணைத்தார். இப்போது பானுமதி அக்கா இங்கே நின்றபடியே மண்ணச்சநல்லூரில் ஓடும் தன் மெஷினின் உள்ளே பார்க்கப்போகிறார் என்று அறிவித்தார். இன்னும் பொருத்தாத மில்காரர்களுக்கு அடுத்த மாதம், அக்காவுக்கு இன்றைக்கே.

பானுமதி மைக்கைப் பிடித்தாள். “என் மில்லை நான் தினம் பார்க்கறேன். அதுல என்ன அதிசயம்? என் நாத்தனார் மில்லைப் பார்ப்போம். என் போன்லயே பார்க்க அவகிட்ட அனுமதி வாங்கிட்டேன்.”

அக்னஸுக்கு அது இன்னும் பிடித்துவிட்டது. உறவுகளை இணைக்கும் உள்விழி என்று அந்த நிமிடமே ஒரு வாசகம் செய்தார். சரத்குமாரின் சிரிப்பு கரைந்துபோனது. இரண்டடி முன்னால் வந்தான். அதற்குள் அக்கா போனில் விரலை வைத்துவிட்டாள்.

திரையில் மெஷினின் வயிறு தெரிந்தது. முகப்பைக் கழற்றி ஓரமாகச் சாய்த்திருந்தது. மயில்கழுத்துப் பட்டு திரை உயரத்துக்குத் தொங்கியது. அதற்கு முன்னால் ஜெயக்குமாரின் முகம். மில்காரர்கள் எல்லோருக்கும் பழகிய முகம். அவன் கையில் ஒயர் வெட்டும் கட்டர் இருந்தது. முடிச்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான், தயங்கினான். கட்டரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு மறுபடியும் கட்டரை எடுத்தான்.

முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். என்ன நடக்கிறது என்று புரியாத சிரிப்பு.

கட்டர் பட்டைத் தொடுவதற்குள் வளையல் போட்ட ஒரு கை வந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தது. அனுசுயாவின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

“சாமித் துணியை எதுக்கு வெட்டறே ஜெயக்குமார்?”

அவன் கட்டரைக் கீழே போட்டான். “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா. யாரும் இல்லாதப்ப எடுத்துட்டு வந்துடுன்னு சரத் சார்தான் சொன்னாரு.”

சரத்குமார் பின்னால் கம்ப்யூட்டரில் இருந்தவருக்குக் கையைக் காட்டினான், நிறுத்து என்று. அவர் அக்னஸைப் பார்த்தார். அக்னஸ் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். நிறுத்தச் சொல்லவில்லை.

பானுமதி நிதானமாகப் பேசினாள். அந்தப் பட்டு யார் வீட்டுப் பட்டு, எந்த மெஷினில், எதற்காகக் கட்டியது என்று சொன்னாள். பானுமதி வீட்டில் நான்காவதாக இருந்தது நாத்தனார் வீட்டில் எப்படி ஐந்தாவதாயிற்று என்று கம்பெனியைக் கேட்டாள்.

“இத்தனை வருஷம் பானுமதி அக்கா சொல்றாங்கன்னு இவங்க சொன்னாங்க. இன்னிக்கு நானே சொல்றேன். வீட்டுக்குப் போய் அவங்கவங்க மெஷினைத் திறந்து பாருங்க.”

முசிறி வீரமலை முதலில் எழுந்தார். கையில் கட்டிய பட்டையைப் பிய்த்து மேஜைமேல் போட்டார். அப்புறம் நாற்காலிகள் நகரும் சத்தம்தான். ஆளுக்கு ஆள் மில்லுக்கு போன் போட்டு, முகப்பைக் கழற்று, உள்ளே ஏதாவது இருக்கிறதா பார் என்று கத்திக்கொண்டே வெளியே போனார்கள். ஒரு மில்லில் வேறு ஊர்க் கோயில் கயிறு கிடந்ததாம். இன்னொன்றில் எலுமிச்சம்பழம், காய்ந்து கல்லாகி. பந்தியில் போட்ட இலைகளில் பாதிக்கு ஆள் இல்லை.

பானுமதி உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு வாரத்தில் முதல் தடவையாக ரசம் வரைக்கும் சாப்பிட்டாள். தம்பியின் டை போட்ட கழுத்து தொங்கிப்போனதை நினைத்து நினைத்துச் சாப்பிட்டாள். பழி தீர்ப்பது பாவம் என்கிறவர்கள் ஏமாந்திருக்கமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

*

கார் நிறுத்துமிடத்தில் சரத்குமார் வந்து நின்றான். டையைக் காணோம்.

“திருப்தியா அக்கா?”

“காலையில உனக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தேன்டா. ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா யார் பேரைச் சொல்றது?”

அவளுக்குப் புரியவில்லை. அவன் சுற்றும்முற்றும் பார்த்தான். ரங்கநாதன் தூரத்தில் காரை எடுத்துக்கொண்டிருந்தார்.

தான் செய்தது தப்புதான், அதற்குச் சாக்குச் சொல்லவில்லை என்றான். பழைய மெஷின்களுக்குப் புது முகப்புப் போட்டு விற்பது நடந்துகொண்டுதான் இருந்தது, அவனும் உடந்தை. ஆனால் அக்கா வீட்டு மெஷினைத் தஞ்சாவூர்ப் பக்கம் அனுப்புவதாகத்தான் இருந்தது. சொந்த ஊரில் விற்க அவனுக்கே பயம்.

“அனுசுயா மில்லுக்கு அனுப்புன்னு ஆபீஸ் தேடி வந்து சொன்னது மாமாதான்.”

மாமா என்று அவன் சொல்வது ரங்கநாதனை.

“பொய் சொல்லாதடா.”

“எங்கப்பன் மில்லை ரெண்டாக்கிட்டுப் போனவளுக்குப் புதுசு ஒரு கேடா, நம்ம வீட்டுப் பழசே போகட்டும்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு அக்கா. அவர் அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல.” கொஞ்சம் நின்று சொன்னான். “காலையில நீ பட்டைப் பத்திச் சொன்னதும் எனக்கு உன் வீடுதான் கண்ணுல தெரிஞ்சுது. வேலை போனா வேற வேலை தேடிக்கலாம், உன் வீடு உடைஞ்சா என்ன பண்றது? அதான் அவிழ்த்துடச் சொன்னேன்.”

பானுமதி அவனை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கையைக் கீழே இறக்கவும் தெரியவில்லை. அவன் போய்விட்டான். இனி தீபாவளிக்குப் புடவை வராது. அது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கார் வந்து நின்றது. ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

காவிரிப் பாலம் தாண்டியது, திருவானைக்கோவில் தாண்டியது. ரங்கநாதன் நல்ல மனநிலையில் இருந்தார். நன்றாகப் பேசினாய் என்றார். ஜோதிக்கு ஏதாவது வாங்கிப் போகலாமா என்றார். உன் தம்பி இப்படிச் செய்வான் என்று நினைக்கவில்லை என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய மனுஷனை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறவள் மாதிரி பானுமதி திரும்பிப் பார்த்தாள்.

பங்கு பிரித்த அன்று இதே முகத்தோடுதான் தங்கைக்கு இலை போட்டுச் சோறு பரிமாறினார். ஊரோடு சேர்ந்து இவளும்தான் மெச்சினாள்.

கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது சொன்னாள். “வீட்டுக்கு வேண்டாம். துறையூர் ரோட்டுக்கு விடுங்க. அனுசுயா மில்லுக்கு.”

“எதுக்கு இப்ப? காலையிலேர்ந்து அலைச்சல்…”

“அவளை ஏமாத்தினது யாருன்னு பாதிதான் சொல்லியிருக்கேன். மீதியையும் சொல்லணும்.”

கார் பாலத்தை முடித்து டோல்கேட் பக்கம் வந்தது. ரங்கநாதன் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். என்ன மீதி என்று கேட்கவில்லை. யார் சொன்னது என்றும் கேட்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்மேல் இருந்தன. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனது.

பிறகு கேட்டார். “நானும் வரணுமா பானு?”

பானுமதி கதவைத் திறந்து இறங்கினாள். முன் கதவைச் சாத்தினாள். பின் கதவைத் திறந்து, வாடகைக் காரில் ஏறுகிறவள் போலப் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“வண்டியை எடுங்க” என்றாள்.